டாப்சிலிப்பில் ஒரு ராத்திரி

மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக்காரர்களுக்கு மான் பார்க்கக் கிண்டி போதும். மழைக்காடு வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்கு ரயிலேற வேண்டும். அங்கிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப்.

19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் தேக்கை வெட்டிச் சரிவில் உருட்டிவிட்ட இடம் அது. வெட்டித் தீர்த்த காட்டை மறுபடி வளர்த்தவரும் ஒரு வெள்ளைக்காரர்தான், ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது.

வனத்துறை விடுதியில் தங்கலாம், முன்பதிவு அவசியம். நட்சத்திர ஓட்டல் வசதியெல்லாம் கிடையாது. வாசலில் சத்தம் கேட்டால் ரூம்பாய் என்று கதவைத் திறந்துவிடாதீர்கள், காட்டுப்பன்றியாக இருக்கும்!

காலையில் வழிகாட்டியோடு கரியன் சோலைக்குள் நடந்தால், கருமந்தி கண்ணில் படும். யோகமிருந்தால் சிங்கவால் குரங்கும். எனக்குப் பிடித்தது இருவாச்சிப் பறவைதான். சிறகடித்துப் பறந்தால் பழைய நீராவி இன்ஜின் போகிற மாதிரி சத்தம். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னக் கீறல்தான் மிச்சம். மூன்று நான்கு மாதம் ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்ட வேண்டும். சாயங்காலம் காய்கறி வாங்கி வரச் சலித்துக்கொள்கிற நம் வீட்டுக்காரர்கள் கவனிக்க!

மழைக்காலத்தில் அட்டைத் தொல்லை உண்டு. காலுறையில் மூக்குப்பொடி தூவிக்கொள்வார்கள். வீட்டில் மாமியிடம் திட்டு வாங்கும் பொடி டப்பா தாத்தாவிடம், அன்றைக்கு மாமியே கை நீட்டுவார்.