முகவுரையில் இடம்பெறாத சொல்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

ஒரு நாட்டை நிறுவுங்கால் சமயத்திற்கு எவ்விடம் அளிப்பது? இவ்வினா 1949 அக்டோபர் 17 அன்று நம் அரசியல் நிர்ணய சபையின்முன் எழுந்தது. அரசியலமைப்பின் முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டுமென எச். வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். அது நம்பிக்கையைக் கட்டாயமாக்கும் எனத் திருவாங்கூர் பட்டம் தாணு பிள்ளை மறுத்தார். நம் உணர்வைப் பிறர்மேல் சுமத்தலாகாது என்றார் இருதயநாத் குன்ஸ்ரு. ஆதரவாக 41 வாக்குகளும் எதிராக 68 வாக்குகளும் விழுந்தன; திருத்தம் தோற்றது. முகவுரை மக்களின் பெயரால் தொடங்கிற்று.

இதில் நமக்கென்ன எனலாம். நாம் அருகப் பெருமானைத் தொழுகிறோம். ஆயின் உலகைப் படைத்தாளும் கடவுள் ஒருவரை ஏற்பதில்லை. அத்திருத்தம் வென்றிருப்பின், வாய்மையை விரதமாகக் கொண்ட நாம் முகவுரையின் முதற்சொல்லையே உள்ளம் கூசி உரைத்திருப்போம்.

இதனால் சமயம் புறந்தள்ளப்பட்டதெனக் கருதற்க. மூன்றாம் அட்டவணைப்படி, பதவியேற்கும் அமைச்சர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். உளமார உறுதியும் கூறலாம். நந்தலால் போஸ் குழுவினர் ஓவியந்தீட்டிய மூலப்படியில் மகாவீரர் திருவுருவமும் உளது. மதிப்பு உண்டு, வற்புறுத்தல் இல்லை. அநேகாந்தம் ஆட்சியில் பெறும் வடிவம் இதுவே என்பேன்.

காமத்தின் பக்தியை இகழ்தலும் நம் நெறியன்று. சிறுபான்மையராகிய நமக்கு அன்று கிட்டிய அந்த இடத்தை, நம்மினும் சிறியோர்க்கு நாமும் அளிப்போமாக. நம் பிள்ளைகள் முகவுரையைப் பயிலும்போது இவ்வரலாற்றையும் எடுத்துரையுங்கள்.

வாழ்க அறம்!