ரோட்டுக்கு முன்னால் வாறுகால்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வடை ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் தெருவுக்கு ரோடு வேண்டும் என்று எட்டு வருஷமாக மனு கொடுக்கிறோம். ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் வாசலெல்லாம் சகதி. பள்ளிக்கூட வேன் தெருமுனையோடு நின்றுவிடுகிறது. இப்போதுதான் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த நேரத்தில் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இங்கே வீடு கட்டுவதற்கு முன் நான் குடியிருந்த தெருவில், ரோடு கேட்டு முதல் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பேவர் பிளாக் பதித்தார்கள். மிட்டாய் கொடுத்தோம். வாறுகால் அப்புறம் வரும் என்றார்கள். அந்தக் கார்த்திகையில் ராத்திரி பெய்த மழை எதிர்வீட்டு ஆச்சியின் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. பழைய வீடு, தாழ்ந்த வாசப்படி. மண் தெருவாக இருந்த காலத்தில் ஒருநாளும் தண்ணீர் ஏறாத வீடு. அரிசி மூட்டையைக் கட்டிலில் தூக்கி வைத்துவிட்டு, "நீங்க கேட்ட ரோடுதானே தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளாக்கின் கனம் 60 மில்லிமீட்டர். அதற்குக் கீழே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் மணல். அதற்கும் கீழே ஆறு முதல் எட்டு அங்குலம் ஜல்லி. மண்ணை வெட்டி எடுக்காமல் அப்படியே மேலே போட்டால் தெரு முக்கால் அடிக்கு மேல் உயர்ந்துவிடும். வீடு உயராது.

இன்னொன்று, மண் தெரு தண்ணீரைக் குடிக்கும், பிளாக் குடிக்காது. நம் தெரு 12 அடி அகலம், 300 அடி நீளம் என்று வையுங்கள். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் தெருவில் மட்டும் விழுவது சுமார் 33,000 லிட்டர், கிட்டத்தட்ட மூன்று தண்ணீர் லாரி. மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் தனி. நாம் ரோடு கேட்பது சாரல் சகதிக்காக. ஆனால் அந்த ரோட்டைச் சோதிக்கப் போவது ஐப்பசி, கார்த்திகை மழை. 2024 டிசம்பரில் குற்றாலத்தில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்துமூலம் அறிவுறுத்தினார். தார் ரோட்டுக்குச் சொன்ன அந்த நியாயம் நம் மண் தெருவுக்கும் பொருந்தும். ஒரு அடி ஆழம் வெட்டி, மண்ணை அப்புறப்படுத்திவிட்டுப் பதிக்கச் சொல்வோம். எல்லா வாசப்படிகளிலும் தாழ்ந்தது எதுவோ, அதைவிடக் கீழே தெருமட்டம் நிற்க வேண்டும். நடுவில் ஒன்றரை அங்குலம் உயர்ந்து இரண்டு பக்கமும் வாட்டம் இருந்தால் போதும். வாறுகால் இரண்டு பக்கமும், ரோட்டுக்கு முன்னால்.

சிமெண்ட் ரோடா, பிளாக்கா என்று போன கூட்டத்தில் சண்டையே வந்தது. என் ஓட்டு பிளாக்குக்கு. பாதாளச் சாக்கடை என்றைக்காவது வரும். அன்றைக்குப் பிளாக்கைப் பெயர்த்து மறுபடி பதிக்கலாம், சிமெண்டை உடைக்கத்தான் வேண்டும். ஓரத்தில் கான்கிரீட் கட்டை மட்டும் கட்டாயம். இல்லையென்றால் மணல் லாரி ரெண்டு தடவை வந்தாலே பிளாக் விலகி வாய் பிளந்துவிடும்.

தெருக்கோடியில் கடைசி நான்கு வீட்டு முன்பக்கம் இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே இருக்கிறது. அதைத் தானப் பத்திரமாக நகராட்சிக்கு எழுதி வாங்காவிட்டால் ரோடு அங்கே வந்து நின்றுவிடும். அவரிடம் பேச அண்ணாச்சி இரண்டு பேர் என்னோடு வந்தால் நல்லது. தனியாகப் போனால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

குடிநீர் இணைப்பு இன்னும் எடுக்காத வீடுகள் ஏழு. ரோடு போட்ட மறுவாரம் குழி தோண்டாதீர்கள். இன்றைக்கே செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நாளை காலை ரசமட்டக் குழாயோடு வருகிறேன். ஒவ்வொரு வாசப்படியாக அளந்து, அந்தக் கணக்கை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.