சட்டமில்லாத ஜீப்

பழைய லொறி ஒன்றின் மேற்கூட்டை முழுவதும் கழற்றி எடுத்துவிட்டாலும் அந்த லொறி ஓடும். அடியில் நீளவாட்டில் கிடக்கும் இரண்டு இரும்பு உத்தரங்களும், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சட்டங்களும் ஓர் ஏணிபோல அமைந்து எஞ்சினையும் அச்சுக்களையும் தாங்கிக்கொள்கின்றன. மேலே உள்ள கூடு மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு, அவ்வளவே. இரண்டாம் உலகப் போரிலே பேர்பெற்ற ஜீப் வண்டியும் இந்த ஏணி வகையைச் சேர்ந்ததுதான். கல்லிலும் சேற்றிலும் ஓடவேண்டிய வாகனத்துக்கு ஏணிச் சட்டம் இன்றியமையாதது என்பது நெடுங்காலம் எவரும் மறுத்துரையாத கொள்கையாக இருந்துவந்தது.

அக்கொள்கையை அதே ஜீப்பின் பெயரால் கைவிட்டது, அமெரிக்காவின் அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பனி. 1984ஆம் ஆண்டின் மாதிரியாக அக்கம்பனி வெளியிட்ட புதிய செரோக்கி வண்டிக்குத் தனிச்சட்டம் கிடையாது. அதனை வகுத்த பொறியியலாளருள் முதன்மையானவர் ரோய் லன் என்பவர், இங்கிலாந்திலே பிறந்தவர், முன்னர் ஃபோர்ட் கம்பனியிலே ஜீடி 40 என்னும் பந்தய மோட்டாரை உருவாக்கியவர். பந்தய வண்டியிலே ஒவ்வோர் இறாத்தல் எடையும் பகை என்பதை அறிந்த ஒருவர் காட்டு வண்டி ஒன்றை வகுக்க நேர்ந்தால் எங்கே கைவைப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஏணியை எடுத்துவிட்டார். பழைய பெரிய ஜீப்பினும் ஆயிரம் இறாத்தலுக்கு மேல் எடை குறைந்த வண்டி கிடைத்தது. ஒகையோ மாநிலத்தின் டொலீடோ நகரத் தொழிற்சாலையிலிருந்து 2001ஆம் ஆண்டு வரை அந்த வண்டி வெளிவந்துகொண்டிருந்தது.

ஏணி இல்லாவிடில் பாரத்தைத் தாங்குவது எது? கூடே தாங்குகிறது. தரைத்தகடு, தூண்கள், கூரை, பக்கச் சுவர்கள் எல்லாம் மெல்லிய உருக்குத் தகட்டில் அழுத்தி வார்த்தெடுக்கப்பட்டுப் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கப்பட்டு ஒரே உடலாகின்றன. தரையின் அடியில் இரண்டு நீண்ட தொட்டிகள் போன்ற தகட்டு வளைவுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. மேலே திறந்த அத்தொட்டிக்குத் தரைத்தகடே மூடி. ஆகவே சட்டம் அறவே இல்லை என்று சொல்வதும் முழு உண்மையாகாது. சட்டமும் உடலும் பிரிக்கமுடியாதவாறு ஒன்றாகிவிட்டன என்பதே பொருத்தம்.

இதன் வலிமையை அறிய நேயர்கள் ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்துப் பார்க்கலாம். மூடியை நீக்கிவிட்டு இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் மட்டை எளிதிலே வளைந்து கொடுக்கும். மூடியைப் போட்டு விளிம்பைச் சுற்றிப் பசைத்தாள் ஒட்டிவிட்டு முறுக்கினால், அதே மட்டை கைக்கு அடங்காது எதிர்த்து நிற்கும். பெட்டியின் எல்லாப் பக்கங்களும் மூடியிருக்கும்வரை மெல்லிய தகடும் முறுக்கத்தைத் தாங்கும். ஆனால் மோட்டார் வண்டியிலே மனிதர் ஏறி இறங்கவேண்டும். நான்கு பக்கக் கதவுகளும் பின்னால் ஒரு பெருங்கதவும் என ஐந்து துளைகள் அந்தப் பெட்டியில் வெட்டப்பட்டுள்ளன. பின்கதவின் வாயிலோ ஒரு சுவரையே எடுத்துவிட்டது போன்றது. பாறைமீது ஒரு சில்லு உயர ஏறி நிற்கையில் பின்கதவு திறக்க மறுப்பதும், திறந்தபின் மூட மறுப்பதும், முன் கண்ணாடியின் மூலையிலே கீறல் விழுவதும் வண்டியின் உடல் முறுகுகின்றது என்பதற்கு அறிகுறிகளாம்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தவாறே ஓடினால் இவற்றால் பெருந்தீங்கு இல்லை. ரோய் லன் கணக்குப் பார்த்தது ஏறத்தாழ 28 அங்குல உயரமுள்ள டயர்களுக்கு. கலிபோர்னியாவின் ரூபிக்கன் பாதைக்கும் யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைகளுக்கும் வண்டியைக் கொண்டுசெல்ல விரும்பும் உரிமையாளர் அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறார். வில்களை மாற்றி வண்டியை உயர்த்துகிறார். 33 அங்குல டயர்களைப் பூட்டுகிறார். டயர் பெரிதானால் எடையும் ஏறுகிறது. அச்சின் மையத்திலிருந்து நிலத்துக்குள்ள தூரமும் நீள்கிறது. நீண்ட கடப்பாரை குறைந்த வலுவிலே பெரிய கல்லைப் புரட்டுவதுபோல, நீண்ட ஆரமுள்ள டயர் தன்மேல் மோதும் கல்லின் வேகத்தைப் பெருக்கி உடலுக்குள்ளே செலுத்துகின்றது.

எங்கே செலுத்துகின்றது என்பதே உயிர்நிலை. சுக்கானின் திருப்பத்தைச் சில்லுகளுக்கு எட்டவைக்கும் பற்சில்லுப் பெட்டி, இடப்பக்கச் சாரதி இருக்கையுள்ள செரோக்கியில், இடது முன்தொட்டியின் பக்கச் சுவரிலே மூன்று ஆணிகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. முன் அச்சு பக்கவாட்டில் நகராதபடி தடுக்கும் குறுக்குத் தண்டின் மேல்முனையும் அதே இடது தொட்டியிலேதான். பெட்டி சில்லுகளை ஒருபுறம் தள்ளும்போது தண்டு எதிர்ப்புறம் இழுக்கிறது. இந்த இரு வலுக்களுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒவ்வொரு திருப்பத்திலும் சற்றே நெளிகின்றது. கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒரு கட்டத்தில் அது முறிவதைக் கண்டவர்க்கு இதன் முடிவு தெரியும். ஆணித் துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றுகிறது. சேறும் வர்ணமும் அதனை மறைத்துவிடுகின்றன. சுக்கானைத் திருப்பும்போது முன்னே ‘டக்’கென்று ஓர் ஓசை, நேர்வழியில் ஓடும்போது சிறு தள்ளாட்டம், இவற்றையன்றி வேறு முன்னறிவிப்பு இருப்பதில்லை. பாறையிலே மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகத்தில் ஊர்கையில் பெட்டி பிய்ந்தால் அன்றைய பயணம் கெடும். அங்கே பாதி கிழிந்த தகடு, மறுநாள் நெடுஞ்சாலையிலே வீடு திரும்பும்போது மீதியும் கிழிந்தால், சுக்கான் வளையம் சாரதியின் கையில் வெறும் வளையமாக நிற்கும்.

இது அமெரிக்க வண்டிக்கு மட்டும் உரிய குறையன்று. சோவியத் நாட்டிலே 1977இல் வெளிவரத் தொடங்கிய லாடா நிவாவும் இவ்வகையான ஓருடல் வண்டியே. அதிலும் சுக்கான் பெட்டி அமரும் இடது பக்கத் தகட்டில் வெடிப்பு விழுவதும், அங்கே வலுத்தகடு ஒன்றை ஒட்டுவதும் அந்நாட்டுப் பட்டறைகளில் பழகிப்போன வேலைகள். இதற்கும் முந்தியது கோர்க்கி நகரத் தொழிற்சாலையின் எம் 72. ‘பபேதா’ என்னும் நகர மோட்டாரின் உடலை எடுத்து, காஸ் 69 ஜீப்பின் நான்கு சில்லு இயக்கத்தை அதன் அடியிலே பொருத்தினார்கள். அவர்கள் செய்த முதற் காரியம் தரையிலும் தூண்களிலும் கூரையிலும் வலுத்தகடுகளைச் சேர்த்ததுதான். 1955 முதல் 1958 வரை ஐயாயிரத்துக்கும் குறைவான வண்டிகளே வெளிவந்தன. ஆயினும் 1956இல் எழுத்தாளர் விக்தோர் ஊரினும் தோழர் இருவரும் அவ்வண்டியொன்றிலே மொஸ்கோவிலிருந்து விளாதிவொஸ்தொக் வரை சென்றனர். சைபீரியாவின் சேற்றை நினைத்தால், அந்தத் தகடுகளை ஒட்டிய தொழிலாளரின் கைத்திறனைப் பாராட்டாமல் இருக்கமுடியாது.

செரோக்கி உரிமையாளருக்கு அந்த வேலையைச் செய்துகொடுக்கத் தொழிற்சாலை இல்லை. தம் பட்டறையிலே தாமே செய்யவேண்டும். அறிந்தவர் சுக்கான் பெட்டியிலிருந்தே தொடங்குவர். ஆணிகளின் இழுவை துளையோரத்தில் மட்டும் விழாமல் அகன்ற பரப்பிலே பரவுமாறு தடித்த தகடு ஒன்றை வைத்து, பெட்டியிலிருந்து வலப்பக்கத் தொட்டிக்குக் குறுக்கே ஒரு தாங்கு தண்டையும் பூட்டுவர். இதற்குப் பற்றவைக்கும் வேலை அதிகம் இல்லை, செலவும் சிறிது. பளபளக்கும் பெரிய டயரை முதலில் வாங்கி இதனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவரே மிகுதி என்பது வருந்தத்தக்கது.

அடுத்தது தொட்டிகளின் நீளம் முழுவதும் தகடு போர்த்தல். 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை தடித்த உருக்குத் தகட்டைத் தொட்டியின் வடிவிலேயே மடித்து, அடியிலும் பக்கத்திலும் கவ்வுமாறு பொருத்துவார்கள். தடிப்பு ஏறினால் நல்லதுதானே என்று எண்ணுதல் இயல்பு. அங்கேதான் பலர் தவறுகின்றனர். தடித்த தகடு ஒன்று நெட்டுக்குத்தாக வெட்டப்பட்டு ஓரிடத்தில் சட்டென்று முடிவடைந்தால், அதுவரை வளையாமல் நின்ற உடல் அந்தக் கோட்டில் மட்டும் வளையும். பழைய வெடிப்பு மறைந்து, தகட்டின் ஓரத்தில் புதிய வெடிப்புப் பிறக்கும். ஆதலினாலேயே தேர்ந்த கைவினைஞர் தகட்டின் முனையைச் சரிவாகவோ மீன்வாய் போலப் பிளந்தோ வெட்டுகிறார்கள். வலு தடித்த இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்குப் படிப்படியாக இறங்கவேண்டும்.

பற்றவைக்கும் வேலைக்கு அவசரம் ஆகாது. முதலில் வண்டி மட்டமான நிலத்தில், தன் சில்லுகளின்மீது பாரம் சமமாக விழுமாறு நிற்கவேண்டும். ஒரு மூலை தூக்கப்பட்டு உடல் முறுகிய நிலையிலே தகட்டை ஒட்டினால் அந்த முறுக்கு என்றைக்கும் நீங்காது. கதவுகள் பின்னர் ஒருபோதும் நேராக மூடமாட்டா. பற்றரியின் இணைப்பைக் கழற்றவேண்டும். இல்லையேல் பற்றவைக்கும் மின்சாரம் எஞ்சினை ஆளும் நுண்கருவிகளைக் கெடுத்துவிடக்கூடும். எரிபொருட் குழாய்களும் பிரேக் குழாய்களும் தொட்டியை ஒட்டியே ஓடுகின்றன, அவற்றை விலக்கிவைக்கவேண்டும். உள்ளே தரைவிரிப்பைச் சுருட்டி எடுக்கவேண்டும். அடியில் பற்றவைப்பவர் மேலே கம்பளம் புகைவதைக் காணமாட்டார் ஆகையால், தண்ணீரோடும் தீயணைக்கும் கருவியோடும் மற்றொருவர் உள்ளே காவல் இருத்தல் வழக்கம். நாகம் பூசிய தகடாயின் பூச்சைத் தேய்த்தே நீக்கவேண்டும். அதன் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் காணும்.

பிறகும் ஒரே மூச்சில் நீள ஒட்டிச் செல்லலாகாது. பழைய தகடு மெல்லியது, புதியது தடித்தது. ஒரே சூட்டிலே மெல்லியது ஓட்டையாகிவிடும் அல்லது சுருங்கி உடலையே கோணலாக்கிவிடும். ஓரங்குலம் ஒட்டி, அதனை ஆறவிட்டு, மறுகோடியில் ஓரங்குலம் ஒட்டி, திரும்ப நடுவுக்கு வந்து இன்னோர் அங்குலம் என்று மாறிமாறிச் செய்யவேண்டும். புதுத்தகட்டில் இடையிடையே துளைகளிட்டு, அவற்றை நிரப்புவதுபோலப் பற்றவைத்தால் ஓரத்தில் மட்டுமன்றி நடுவிலும் பிடிப்பு உண்டாகும். இரு பக்கத் தொட்டிகளையும் முடிக்க வாரக்கணக்கில் ஆவதுண்டு.

துருவைப் பற்றி ஒரு சொல். பனிக்கால வீதிகளில் உப்புத் தூவும் வட அமெரிக்க மாநிலங்களிலே பல செரோக்கிகளின் தொட்டிகள் உள்ளிருந்தே அரித்துப் போயிருக்கின்றன. அரித்த தகட்டின்மீது புதுத்தகட்டை மூடுவது கறையான் தின்ற உத்தரத்துக்கு வர்ணம் பூசுவதற்கு ஒப்பாகும். கெட்டதை வெட்டி எறிந்து, நல்ல உலோகம் தென்பட்ட இடத்திலேதான் ஒட்டவேண்டும். வேலை முடிந்ததும் இரு தகடுகளுக்கு இடையிலும் தொட்டியின் உட்புறத்திலும் மெழுகு கலந்த எண்ணெயைச் செலுத்தாவிட்டால், அங்கே தேங்கும் நீர் புதிய வேலையையும் தின்றுவிடும்.

வலுவூட்டக்கூடாத இடமும் ஒன்று உண்டு. தொட்டிகளின் முன்கோடி, விபத்து நேரும்போது நசுங்கி, மோதலின் வேகத்தைத் தானே ஏற்றுக்கொள்வதற்காக விடப்பட்டது. 1995 முதல் வந்த செரோக்கிகளில் சாரதிக்குக் காற்றுப்பையும் உண்டு. முன்பகுதி எவ்வாறு நசுங்கும் என்பதைக் கொண்டே அது விரியும் நேரம் வகுக்கப்பட்டது. அங்கே இரும்பை அடைத்துவைத்தால் வண்டி நசுங்காது. அந்த அடி உள்ளிருப்பவரின் நெஞ்சுக்கு வந்துசேரும். சுக்கான் பெட்டி இருக்கும் இடமும் இந்த முன்பகுதியை அடுத்தே இருப்பதால், எவ்வளவு போதும், எங்கே நிறுத்துவது என்பது தகடு வெட்டுபவரின் நிதானத்தைப் பொறுத்தது.

எல்லாம் முடிந்தபின் உரிமையாளர் முன்சில்லு ஒன்றை உயரமான கட்டை மீது ஏற்றி நிறுத்திவிட்டுப் பின்னே சென்று பெருங்கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். முன்பு தோளால் முட்டித் தள்ளவேண்டியிருந்த கதவு ஒரு விரலுக்கு அடங்கி மூடினால் வேலை பலித்தது எனலாம். முதற் பாறைப் பயணத்திலிருந்து திரும்பிய அன்று, அவர் மறுபடியும் வண்டியின் அடியில் படுத்து, கைவிளக்கைப் பிடித்து, புதிய தகடு முடியும் ஒவ்வொரு முனையையும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்.