நாடகக் குரலும் மலைநாட்டுப் பாதையும்

இசை நாடக மேடையிற் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் நாடு தழுவிய இசைப் பயணம் மேற்கொள்ளவிருக்கிறார் என்ற செய்தி வெளிவரும்போதெல்லாம், நாம் முதலிற் பார்ப்பது ஊர்களின் பெயர்ப் பட்டியலையே. கொழும்பு இருக்கும், யாழ்ப்பாணம் இருக்கும், சில வேளைகளிற் கண்டியும் இருக்கும். அதற்கு மேலே, மலையேறும் பாதையில் உள்ள ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பெயர்களைத் தேடும் கண்கள் பெரும்பாலும் ஏமாந்தே திரும்பும். அந்த ஏமாற்றத்தை எடுத்துக் குறைகூறுவதற்காக நான் இன்று பேச வரவில்லை. நாடகப் பாடகரின் பயணம் என்பது யாது, முற்காலத்தில் அது எவ்வாறு நிகழ்ந்தது, தேயிலைத் தோட்டத்து மக்களுக்கும் அதற்கும் உள்ள உறவு என்ன என்பவற்றை உங்களுடன் சேர்ந்து எண்ணிப்பார்க்கவே விரும்புகிறேன்.

கச்சேரிப் பாடகர் வேறு. நாடகப் பாடகர் வேறு. கச்சேரி செய்பவர் இராகத்தை விரித்துக் காட்டுகிறார். கேட்போர் அதன் நுட்பத்திலே திளைக்கின்றனர். நாடகப் பாடகரோ ஒரு மனிதனின் நிலையைப் பாட வேண்டியவர். சுடலையிலே நிற்கும் அரிச்சந்திரனின் துயரமும், தினைப்புனத்திலே நிற்கும் வள்ளியின் நாணமும் சொல் தெளிவாக விளங்கினால் அன்றிக் கேட்போரைச் சென்றடைவதில்லை. ஆதலின், நாடக இசையிற் சொல்லே தலைமை பெறும். இராகம் அதற்குத் துணையாக நிற்கும்.

இந்த மரபைத் தமிழ்நாட்டில் ஒழுங்குபடுத்தியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867 முதல் 1922 வரை வாழ்ந்த அப்பெரியார் எழுதிய நாடகங்கள் பலவற்றையும் நடிகர்கள் மனப்பாடமாக அறிந்திருந்தனர். இதிலிருந்தே 'ஸ்பெஷல் நாடகம்' என்ற ஏற்பாடு வலுப்பெற்றது. ராஜபார்ட்டு ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரிபார்ட்டு வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊரிலிருந்து வந்து சேருவார். ஒத்திகை எதுவும் இன்றி அன்றிரவே மேடையேறி விடியும்வரை நடிப்பர். பாடமும் பாட்டும் எல்லார்க்கும் பொதுவாயிருந்தமையால் இது இயன்றது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கூட்டத்தின் கடைசி வரிசையில், தரையிலே பாய் விரித்து அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். உச்ச சுருதியிற் பாடும் வழக்கம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. அந்தக் கடைசி வரிசையை எண்ணியும் ஏற்பட்டது.

நம் நாட்டுக்கு இத்தகைய பயணங்கள் புதியனவல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கொழும்புக்கு வந்தன. அவற்றின் இசையிலே ஊக்கம் பெற்றுச் சிங்கள மக்களிடையே நூர்த்தி நாடகம் வளர்ந்தது. ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி வரவழைக்கப்பட்டார். 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. வந்து பாடிப் போன ஒரு குழு, தான் சென்ற பின்னரும் ஒரு நாட்டின் கலையிலே எத்துணை ஆழமான தடத்தை விட்டுச் செல்லக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தமிழ் நாடகத்தின் வரலாற்றிலும் கொழும்புக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. 1906இற் செங்கோட்டையிலே பிறந்து, சிறுவயதிலேயே மேடையேறிய எஸ். ஜி. கிட்டப்பாவும், 1908இற் கொடுமுடியிலே பிறந்து, வேலு நாயர் நாடகக் குழுவில் வளர்ந்த கே. பி. சுந்தராம்பாளும் 1926இல் இணைந்து நடித்தது இலங்கை மண்ணிலேதான். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவ்விரு குரல்களும் ஒன்றையொன்று சந்தித்தன. அடுத்த ஆண்டில் அவர்கள் மணந்துகொண்டனர். 1933 டிசம்பரிற் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தேழுதான்.

அதன்பின் நிகழ்ந்தது நாம் ஆழ்ந்து நோக்கற்பாலது. சுந்தராம்பாள் வெள்ளை ஆடை உடுத்தார். வேறு ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என்ற உறுதி பூண்டார். நாடக மேடையிலே வேடமும் ஒப்பனையும் எதிர்நின்று பாடும் துணையும் பெற்றிருந்த ஒரு குரல், இவையனைத்தும் இன்றித் தனித்து நின்று பாட நேர்ந்தது. அவர் கச்சேரி மேடைகளிலே பாடினார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பது அந்நாளிற் பெரிய வியப்பாகப் பேசப்பட்டது. 1953இல் 'ஔவையார்' படம் வந்தது. வேடம் நீங்கியும் அவர் பாட்டு ஏன் குறையவில்லை? நாடகம் அவருக்குக் கற்றுக்கொடுத்த சொல்லின் தெளிவு அவரை விட்டு நீங்காமையே காரணம் எனலாம். நாடகப் பாடகர் ஒருவர் வேடமின்றி ஊர் ஊராகச் சென்று பாடும்போது உண்மையிற் பயணம் செய்வது இந்தத் தெளிவுதான்.

இனி, நம் மலைப்பாதைக்கு வருவோம். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொழும்பிலே பாடிய ஆண்டுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1884இல் ஹற்றன் வரையும், 1885இல் நானு ஓயா வரையும் புகையிரதப் பாதை போடப்பட்டிருந்தது. ஆதலின் பாதை இல்லை என்று எவரும் சொல்லுதற்கில்லை. தேயிலைப் பெட்டிகள் அந்தப் பாதையால் நாள்தோறும் கொழும்புக்கு இறங்கின. இறங்கிய அளவுக்குப் பாட்டு ஏறி வந்ததா என்பதே வினா.

1934இல் இரவீந்திரநாத் தாகூர் தம் சாந்திநிகேதனக் கலைஞருடன் இலங்கைக்கு வந்து, 'சாபமோசன்' என்னும் இசை நாட்டிய நாடகத்தைக் கொழும்பு முதலாய நகரங்களிலே நடத்தினார். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்பயணம் சென்றது. அதே ஆண்டில், பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த இளைஞர் ஒருவர், தாம் ஆங்கிலத்தில் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தைத் தாகூரிடம் கொண்டுசென்று கொடுத்தார். அவ்விளைஞரே பின்னாளில் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவரும், மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தவருமாகிய சி. வி. வேலுப்பிள்ளை. பயணம் வந்த கலைஞரைத் தேடி மலையிலிருந்து ஒருவர் இறங்கிச் சென்றார். வெறுங்கையோடு செல்லாமல், தம் படைப்பையும் கொண்டு சென்றார். இந்நிகழ்ச்சியை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மலையிலேயே பயணம் செய்த பாடகர் ஒருவரும் இருந்தார். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரின் கூட்டங்களுக்குச் சென்று பாடுவார். பாரதியாரின் பாடல்களையும், மக்களின் இன்னல்களைப் பற்றித் தாமே இயற்றிய பாடல்களையும் அவர் பாடினார். அச்சு எழுத்தை அறியாத மக்களுக்கு அவர் பாட்டே பத்திரிகையாயிற்று. நடேசய்யரும் 1937இல் தொழிலாளரின் வாழ்வை நாடகமாக எழுதினார். தோட்ட எல்லைக்குள் வெளியார் நுழைவதே அரிதாயிருந்த நாட்களில் ஒரு பெண்மணியின் குரல் அந்த எல்லையைக் கடந்தது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது. நாடு தழுவிய பயணம் என்று எதைச் சொன்னாலும், அதற்கு இலக்கணமாக நான் கருதுவது இதனையே.

இவற்றுக்கெல்லாம் அடிநிலமாக உள்ளது கூத்து. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் காலத்திற் பல தோட்டங்களிற் காமன் கம்பம் ஊன்றப்படும். மன்மதனும் ரதியும் வேடம் பூண்டு இரவுதோறும் ஆடிப்பாடுவர். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் இடத்தில், பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த பெண்கள் கண்ணீர் விடுவதைக் காணலாம். பனியிலே தோல் தளர்ந்த தப்பை நெருப்பிலே காய்ச்சி மீண்டும் முழங்கச் செய்வர். அருச்சுனன் தபசில் உயர்ந்த கம்பத்தின்மேல் ஏறிக்கொண்டே பாடுவர். இங்கும் வேடமும் பாட்டும் பிரிவதில்லை. இங்கும் கடைசி வரிசைக்குச் சொல் கேட்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் மேடைக்கும் நம் காமன் பொட்டலுக்கும் இடையே உள்ள தூரம் நாம் எண்ணுவது போல் அத்துணைப் பெரிதன்று.

ஆயினும், இந்த உறவை நம் பிள்ளைகள் அறியவில்லை. நான் பணியாற்றிய பாடசாலை ஒன்றிலே, காமன் கூத்தில் ரதி வேடம் கட்டி இரவு முழுவதும் தொண்டை கம்மாமற் பாடும் மாணவன் ஒருவன் இருந்தான். தமிழ்மொழித் தினப் போட்டியிற் பாடுவதற்கு அவனை அழைத்தபோது, "அது பாட்டு இல்லை சேர், எங்கள் லயத்துக் கூத்துத்தானே" என்று சொல்லித் தலைகுனிந்தான். குரலும் தாளமும் அவனிடம் இருந்தன. அவற்றைப் பற்றிய மதிப்புத்தான் இல்லை. மதிப்பு என்பது புத்தகத்தால் மட்டும் வருவதன்று. பெரிய மேடையிலே பாடும் ஒருவர் நேரில் வந்து, அவன் பாடுவதைக் கேட்டு, 'நானும் இவ்வழி வந்தவனே' என்று ஒரு சொற் சொல்வாராயின், எங்கள் அறிவுரைகள் நூற்றினால் ஆகாதது அந்த ஒரு சொல்லினால் ஆகும். நாடகப் பாடகரின் பயணம் மலையேற வேண்டும் என்று நான் விழைவது இதன்பொருட்டே.

வருகின்றவர்களுக்கும் வரவேற்கின்றவர்களுக்கும் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லி வைக்கிறேன். தோட்டத்தில் வேலைநாள் விடியலிலே தொடங்குகிறது. ஆதலின் இரவு நெடுநேரம் நீளும் நிகழ்ச்சி தொழிலாளிக்கு ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலே ஏற்றது. அதுவும் சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிறு ஆயின் மிக நன்று. தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. கொழும்பு அரங்கத்துக்கு வகுத்த கட்டணத்தை அப்படியே மலைக்கும் கொண்டுவருதல் பொருந்தாது என்பதை இவ்வெண்களே உணர்த்தும். 1,800 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள நுவரெலியாவின் மூடுபனியில் மிருதங்கத்தின் தோல் தளரும். சமவெளியிலிருந்து வரும் தொண்டைக்கும் குளிர் பகையாகும். ஆதலின் வந்த அன்றே மேடையேறாமல் ஒருநாள் முன்னதாக வந்து தங்குதல் நலம். அந்த ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை. அன்று மாலை அயலிலுள்ள தோட்டம் ஒன்றுக்குச் சென்று, கூத்து மாஸ்டரையும் ரதியாகப் பாடும் பிள்ளையையும் கேட்கலாம்.

நம் பங்கிலும் கடமை உண்டு. எவரோ வந்து நமக்குக் கலையைக் கொடுத்துச் செல்வார் என்று கைகட்டி இருத்தல் தகாது. பாடசாலை மண்டபம், கோவில் முன்றில், தோட்ட மைதானம் ஆகியவற்றுள் ஒன்றை ஆயத்தப்படுத்தல், பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்று சேர்த்தல், அழைப்பை முன்கூட்டியே அனுப்புதல் ஆகியன நம்மால் இயலும் செயல்களே. அழைப்பிலே ஒரு வரி சேர்த்து எழுதுவோமாக: பெரியவர் பாடுவதற்கு முன்னர், எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அரைமணி நேரம் பாடுவான் என்று.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவர்கள் நடந்து வந்த வழியிலே கொண்டுவந்த உடைமைகள் சிலவே. அவற்றுள் இன்றும் கெடாமல் இருப்பது பாட்டு. அடுத்த முறை ஒரு பாடகரின் பயணப் பட்டியல் வெளியாகும்போது, அதில் ஹற்றன் என்ற பெயர் இருக்குமாயின், அது நமக்கு அளிக்கப்பட்ட சலுகை என்று கருத வேண்டாம். பாடத் தெரிந்தவர்கள், பாடத் தெரிந்த மற்றொருவரைத் தம் வீட்டுக்கு அழைத்தார்கள் என்றே கருதுவோம்.