ஒளித்துகளும் ஒற்றனும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

  

ஒற்றாடலுக்கென ஒரு தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அவ்வொற்றனும் அறியாவண்ணம் மறைபொருளை அனுப்புவது எங்ஙனம் என்பதே யான் எடுத்துக்கொண்ட பொருள்.

1984-ஆம் ஆண்டில் பென்னெட், பிராசார்டு என்னும் அறிஞர் இருவர் ஒரு வழி கண்டனர். மறைமொழிக்குரிய திறவுகோலை, போட்டான் எனப்படும் ஒளித்துகள்களில் ஒவ்வொன்றாக ஏற்றி அனுப்புவதே அது. இடையில் ஒருவன் அத்துகளை அளந்து பார்ப்பின் அதன் நிலை குலையும், பிழைகள் பெருகும், களவு வெளிப்படும். நம் ஐதராபாத்திலேயே, 2020 டிசம்பரில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.ஆர்.டி.எல்., ஆர்.சி.ஐ. ஆகிய இரு ஆய்வகங்களுக்கிடையே குவாண்டம் திறவுகோல் முறை செய்து காட்டப்பட்டது. 12 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒளியிழை வழியே அது சோதிக்கப்பெற்றது.

நிற்க. இயற்கையின் விதி பொய்யாது. ஆயின் கருவி மனிதன் செய்தது அன்றோ? ஒற்றைத் துகள் பட்ட அளவிலேயே உணர்கருவியினுள் மின்னணுக்கள் பனிச்சரிவெனப் பெருகி அடையாளம் எழும். அதன்மீது இடைவிடாது பேரொளி பாய்ச்சினால், நடுப்பகல் ஞாயிற்றை நோக்கிய கண்போல் அது நுண்ணுணர்வு இழக்கும். பின்னர் வலிய ஒளித்துடிப்புக்கு மட்டுமே விடையளிக்கும். ஒற்றனுக்கு இதுவே வாயில்! அவன் வழியிலேயே துகளை அளந்துகொண்டு, தான் கண்டதற்கேற்ப வலிய துடிப்பொன்றை அனுப்புகிறான். பெறுவோன் அதே முறையில் அளந்தால், ஒளி முழுவதும் ஒரே கருவியில் விழுந்து அடையாளம் எழுகிறது. வேறு முறையில் அளந்தால், ஒளி இரண்டாகப் பிரிந்து எக்கருவியும் வாய் திறப்பதில்லை. பிழை தோன்றாமையால் களவும் தெரிவதில்லை.

2010-இல் வாடிம் மகரோவ் முதலிய ஆய்வாளர், விற்பனையிலிருந்த இரு நிறுவனங்களின் கருவிகளில் இதனை மெய்ப்பித்தனர். அடுத்த ஆண்டு, தமிழும் ஆட்சிமொழியாய் விளங்கும் சிங்கப்பூரில், தேசியப் பல்கலைக்கழக வளாகத்து 290 மீட்டர் ஒளியிழையில் ஆய்வாளர் திறவுகோல் முழுவதையும் கவர்ந்து காட்டினர். இரு முனையிலும் ஐயத்திற்குரிய குறி ஒன்றும் தோன்றவில்லை.

இதனால் முயற்சி வீண் எனக் கொள்ளற்க. உணர்கருவி பகைவன் கையிலிருப்பினும் திறவுகோலைக் காக்கும் முறையொன்று 2012-இல் வகுக்கப்பட்டது. குறை காட்டியவரே இவ்வளர்ச்சிக்கு வழி திறந்தனர்.

2023-இல் நம் அரசு 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. நாட்டின் காவலும் வங்கிப் பணமும் நாளை இக்கருவிகளை நம்பி நிற்கும். எனவே, ஹைடெக் சிட்டியில் பணிபுரியும் நம் இளைஞர்க்கு என் வேண்டுகோள் ஒன்று: உடையாது என்று எவரேனும் ஒரு கருவியைப் புகழ்ந்தால், அதனை உடைத்துப் பார்க்க யாரை அனுமதித்தீர் என்று கேளுங்கள்.