ஏழு நாள் கழித்து இன்னொரு எட்டு

பைக் லைசென்ஸ் டெஸ்ட்ல எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டு, முகம் தொங்கிப்போய் வீடு திரும்பியவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. இனிமே டெஸ்டுக்குப் போகப்போறவங்களும் கேட்கலாம். "நானெல்லாம் ஒரே தடவையில பாஸ்" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மாமாக்கள் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். பாதிப் பேருக்குப் பயம் வருவதே அவங்க பேச்சாலதான்.

எங்க தெருவில் ஒரு அக்கா இருக்காங்க. அப்பாவுடைய பழைய கியர் பைக்கை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் ஒரு மாதம் பழகினாங்க. தொடர்ந்து பத்து எட்டு போட்டாலும் கால் தரையில் படாது. டெஸ்ட் அன்று பெயரைக் கூப்பிட்டதும் உள்ளங்கை வியர்த்தது. முதல் வளைவிலேயே வண்டி ஆஃப். "அடுத்த வாரம் வாம்மா" என்றார் அதிகாரி. நடந்தது அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்து அக்கா சொன்னது: "எனக்கு வண்டியே ஓட்டத் தெரியலடி."

"அன்னைக்கு வரல" என்பது ஒன்று; "எனக்கு வராது" என்பது வேறு. அதிகாரி சொன்னது முதலாவது. இரண்டாவதை நாமே சேர்த்துக்கொள்கிறோம். அப்படிச் சேர்த்துக்கொண்டவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் கவலை. சிலர் பைக்கைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். சிலர் லைசென்ஸே இல்லாமல் ஓட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை நினைத்துத்தான் நான் இவ்வளவு நீளமாகப் பேசப்போகிறேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 9-வது பிரிவு ஓட்டுநர் உரிமம் வழங்குவதைப் பற்றியது. தேர்வில் தேறாதவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதாவது, நீங்கள் ஃபெயில் ஆகலாம் என்று எதிர்பார்த்துத்தான் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று முறையும் தேறவில்லை என்றால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அந்த இடைவெளியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஒரு சீரமைப்புப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

"எல்.எல்.ஆர். காலாவதி ஆயிடுமே?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆனபின் முதல் டெஸ்ட். தேறவில்லையா, 37-வது நாள் வாக்கில் இரண்டாவது, 44-வது நாள் வாக்கில் மூன்றாவது. அதுவும் போச்சு என்றால் 60 நாளைக் கூட்டுங்கள், 104. நான்காவது முறை போய் நின்றாலும் கையில் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சம். ஸ்லாட் கிடைப்பதில் சில நாள் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை: எல்.எல்.ஆர். எடுத்துவிட்டு ஐந்தாவது மாதம் வரை சும்மா இருந்துவிட்டு டெஸ்டுக்குப் போனால் இந்தக் கணக்கு உதவாது. பயத்தில் தள்ளிப்போடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

தோற்பதும் இன்று நேற்று வந்தது இல்லை. நம்ம ஊரை அப்போது ஆண்ட பிரான்ஸ், தன் நாட்டில் வண்டி ஓட்டத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று 1899-லேயே ஆணை போட்டது. ஓட்டுபவருக்குத் தகுதி இருக்கிறதா என்று கருத்துச் சொல்லும் வேலை சுரங்கத் துறையிடம் போனதுதான் வேடிக்கை. இயந்திரம் தெரிந்த அதிகாரிகள் அங்கேதான் இருந்தார்கள்! இங்கிலாந்தில் டெஸ்ட் கட்டாயமானது 1935-ல். அந்த ஆண்டு தேறியவர்கள் 63 சதவீதம். மீதிப் பேர், நம்மைப் போலவே வீட்டுக்குப் போய்ச் சொல்ல வார்த்தை தேடியிருப்பார்கள். தென் கொரியாவின் சா சா-சூன் பாட்டி எழுத்துத் தேர்வில் மட்டும் 949 முறை தோற்று, 2009-ல் 950-வது முறை தேறினார். அதன்பிறகு ஓட்டும் தேர்வையும் முடித்து 2010-ல் லைசென்ஸ் வாங்கும்போது அவருக்கு 69 வயது. அவர் காய்கறி விற்றவர். வியாபாரத்துக்குக் கார் தேவைப்பட்டது, அதற்காக விடாமல் போனார்.

சரி, நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு அந்த இடத்தில் மட்டும் ஏன் கால் ஊன்றுது?

வண்டி வேகமாகப் போகும்போது தன்னைத்தானே பெரும்பாலும் நிமிர்த்திக்கொள்ளும். நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டால் அந்த உதவி குறைந்துவிடும். அப்போது ஹேண்டில்பாரைச் சின்னச் சின்னதாக இடமும் வலமும் அசைத்து, சாயும் பக்கம் சக்கரத்தைக் கொண்டுபோய் நாம்தான் சமன்செய்கிறோம். நமக்கே தெரியாமல் கை செய்யும் வேலை இது. இப்போது பதட்டம் வந்தால் உடம்பு என்ன செய்யும்? தோள் இறுகும், முழங்கை விறைக்கும், பிடி கெட்டியாகும். எந்த அசைவு வண்டியை நிமிர்த்தி வைத்திருந்ததோ, அதையே பயந்த கை பூட்டிவிடுகிறது. வண்டி சாய்கிறது, கால் இறங்குகிறது. நேர் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்கள் பதட்டத்தை வண்டி மன்னித்துவிடும். எட்டில் மன்னிக்காது.

கூடவே கண். பயந்தால் பார்வை முன்சக்கரத்தடியில் வந்து விழும். அங்கே பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும். வளைவின் பாதியில் இருக்கும்போதே வளைவு முடியும் இடத்தை, தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கோட்டைப் பார்க்காதீங்க, கோடு போய்ச் சேரும் இடத்தைப் பாருங்க. பனிச்சறுக்குப் பயிற்சி இயந்திரத்தில் 1998-ல் நடந்த ஓர் ஆய்விலும், தன் பாதத்தைக் கவனித்தவர்களைவிடப் பாதத்துக்கு வெளியே, இயந்திரத்தின் சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். "இப்போ கிளட்ச், இப்போ பிரேக், இப்போ கை" என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஓட்டினால் தெரிந்த வேலையும் தடுமாறும்.

"ரோட்டுல யாருங்க எட்டு போடறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குப் பக்கத்தில் வண்டி ஓட்டிப் பாருங்க தம்பி. நேரு வீதியில் மாலை ஆறரை மணிக்கு ஓட்டிப் பாருங்க. நம்ம பழைய நகரத்துத் தெருக்கள் சதுரங்கப் பலகை மாதிரி வெட்டிக்கொள்பவை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முனை, முனைக்கு முனை ஒருவழிப் பாதை, நடுவில் மாடு, சைக்கிள், போட்டோ எடுக்கிற சுற்றுலாப் பயணி. கால் ஊன்றாமல் மெதுவாகத் திரும்பத் தெரிவது வேற ஊரில் எப்படியோ, புதுச்சேரியில் அன்றாடத் தேவை.

ஆக, இந்த ஏழு நாளில் என்ன செய்யலாம்? எட்டை மட்டும் நூறு முறை போடாதீர்கள், அலுப்புதான் வரும். முதல் இரண்டு நாள் நேர்கோட்டில் எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்று மட்டும் பழகுங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஒரே அளவில் வைத்து, கிளட்சைப் பாதி பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் குறையுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் படுத்துவிடும். எட்டில் விழுபவர்களில் பலர் விழுவது இப்படித்தான். பிறகு பெரிய வட்டம், அப்புறம் சின்ன வட்டம், கடைசியில் எட்டு. எந்த வண்டியில் டெஸ்டோ அதே வண்டியில் பழகுவது நல்லது. அண்ணன் வண்டியில் பழகி, மாமா வண்டியை அன்று காலை இரவல் வாங்கிப் போனால் கிளட்ச் பிடிக்கும் இடமே வேறாக இருக்கும்.

முக்கியமானது, ஆள் பார்க்கும்போது பழகுவது. மைதானத்தில் தனியாக வராத பயம் டெஸ்டில் வரக் காரணம், அங்கே பத்துப் பேர் பார்ப்பது. அதனால் கடைசி மூன்று நாளாவது அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பையன் என்று யாரையாவது நிறுத்தி, பெயரைக் கூப்பிடச் சொல்லி, ஹெல்மெட் போட்டு, ஒரே ஒரு எட்டு போட்டுவிட்டு இறங்குங்கள். கால் ஊன்றினாலும் அன்றைக்கு அவ்வளவுதான், மறு வாய்ப்பு கிடையாது. சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதுக்குத்தானே நிறுத்தியிருக்கோம்.

டெஸ்ட் அன்று "பயப்படாதே" என்று யாரும் சொல்லாதீர்கள், ப்ளீஸ். அப்படிச் சொல்லி யாருக்கும் பயம் போனதாக நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், மேடையில் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சை நிறுத்துவது கஷ்டம், அதுக்கு வேற பெயர் வைப்பது சுலபம். வண்டியில் ஏறியதும் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். தோளை ஒருமுறை காதுவரை தூக்கிக் கீழே போடுங்கள். ஹேண்டில்பாரில் விரலைப் பியானோ வாசிப்பது மாதிரி ஒருமுறை அசைத்துப் பாருங்கள்; அசைந்தால் பிடி சரி. கண்ணாடியைச் சரிசெய்வதும் பின்னால் பார்ப்பதும் தேர்வில் கவனிக்கப்படும் விஷயங்கள். அவற்றை அவசரமில்லாமல் செய்தாலே பத்து விநாடி ஓய்வு கிடைத்துவிடும்.

பதட்டத்துக்கு என்று மாத்திரை எதையும் நீங்களாகப் போடாதீர்கள். "தைரியத்துக்கு ஒரு பெக்" என்று நம்ம ஊரில் யோசனை சொல்ல ஆள் இருக்காங்க. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். வண்டியில்தான் இந்தப் பயம் என்றில்லாமல், தூக்கம், வேலை, படிப்பு எல்லாவற்றையும் பதட்டம் தின்கிறது என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போ அந்த இரண்டாவது கூட்டம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 181-வது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 180-வது பிரிவில் தண்டனை உண்டு. பெரும்பாலும் அது உங்கள் அப்பாவோ அம்மாவோதான். அபராதத்தைக்கூட விடுங்க. உங்கள் வண்டி யார்மேலாவது மோதிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க முடியும். லட்சக்கணக்கில் வரும். எல்.எல்.ஆரும் ஒரு செல்லுபடியாகும் உரிமம்தான் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால்தான் அதைக் காலாவதியாக விடாதீர்கள் என்கிறேன். அதை வைத்து ஓட்டும்போது வெள்ளையில் சிவப்பு 'எல்' எழுத்து வண்டியில் இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுக்கொடுக்க உடன் வர வேண்டும். சினேகிதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போக அது அனுமதி இல்லை.

"டெஸ்டே இல்லாம வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு விற்பது அட்டையை மட்டும்தான். எட்டு போடத் தெரியாத கை உங்களிடமே இருக்கும், நெல்லித்தோப்பு சிக்னலில் அதே கைதான் ஓட்ட வேண்டும்.

மறுதேர்வுக்கு மத்திய விதிப்படி கட்டணம் ஒரு வகை வண்டிக்கு 300 ரூபாய். பரிவாகன் சாரதி தளத்தில் போனிலேயே பழைய விண்ணப்ப எண்ணைக் கொடுத்து ஸ்லாட் எடுக்கலாம்; சேவைக் கட்டணம் இருந்தால் அங்கேயே காட்டும். அன்றைக்கு எல்.எல்.ஆர்., ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் எல்லாவற்றையும் முந்தைய இரவே ஒரு பையில் போட்டு வையுங்கள். காலையில் இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடி வரும் படபடப்பு, திடலுக்கும் கூடவே வரும்.

எங்க தெரு அக்கா ஒன்பதாவது நாள் போனாங்க. அன்றைக்கும் உள்ளங்கை வியர்த்ததாம். கைக்குட்டையில் துடைத்துவிட்டு ஓட்டியிருக்காங்க, கால் படவில்லை.

இன்னொரு விஷயம். பாஸ் என்று சொன்ன மறு நிமிஷமே 'எல்' ஸ்டிக்கரைக் கிழிக்கிறவர்கள் நிறைய. லைசென்ஸ் எண் வந்து டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ தெரியும்வரை அது வண்டியிலேயே இருக்கட்டும்.