ஓட்டுவதா, விற்பதா?

(பொதுக்காலம் 33-ஆம் ஞாயிறு, வானொலி மறையுரை)



இன்றைய திருப்பலியில் நாம் கேட்கும் நற்செய்தி, மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை. நெடும்பயணம் புறப்படும் தலைவர் ஒருவர் தம் பணியாளர்களை அழைத்து, ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறார். முதல் இருவரும் அவற்றை வைத்து வாணிபம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவர் நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைக்கிறார். தாலந்து என்றதும் சில்லறைக் காசு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரியம். அன்றைய கூலியாளின் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். கணக்குப் பார்த்தால், ஒரு தாலந்து என்பது கிட்டத்தட்ட 20 ஆண்டு உழைப்பு. குறைவாகப் பெற்றவர் கையிலும் பெருஞ்செல்வம்தான் இருந்தது.

அந்த மூன்றாம் பணியாளர் திருடவில்லை. சூதாடவில்லை. குடித்து அழிக்கவில்லை. வாங்கியதை ஒரு காசு குறையாமல் திருப்பித் தந்தார். ஆனாலும் தலைவர் கோபப்படுகிறார். ஏன்? குருமடத்தில் விவிலியத் தேர்வில் இந்தக் கேள்விக்கு நான் நன்றாகவே பதில் எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அதன் பொருள் எனக்கு உறைத்தது பல ஆண்டுகள் கழித்து, ஒரு பழைய சைக்கிளால்தான். அந்தக் கதையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். எனக்குப் பெருமை சேர்க்கும் கதை அல்ல அது.

என் அப்பா வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் இருந்தது. முன்னால் பார் வைத்த பெரிய வண்டி, தோல் சீட்டு, பின்னால் அகலமான கேரியர். காலையில் சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு போவார். மாலையில் அரிசியோ, விறகோ, எங்களில் யாரோ ஒருவரோ கேரியரில் வருவோம். சீட்டுக்கு மேலே கால் எட்டாத வயதில் குரங்கு பெடல் போட்டு நான் ஓட்டக் கற்றதும் அதில்தான். குருமடத்தில் சேரப் புறப்பட்ட நாளில் என் டிரங்குப் பெட்டியைக் கேரியரில் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரை தள்ளிக்கொண்டே வந்தார். அன்று அவர் அதிகம் பேசவில்லை.

அப்பா இறந்தபின் அந்தச் சைக்கிளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று பங்குகளுக்கு மாற்றல் வந்தது. மூன்று முறையும் புத்தகப் பெட்டிகளோடு அதுவும் லாரியில் ஏறியது. மூன்று பங்கு இல்லங்களிலும் பின்வராந்தாவில் சாய்ந்து நின்றது. ஒரு நாள்கூட நான் அதில் ஏறவில்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது.

ஆம்பூர்ப் பக்கம் நான் பணியாற்றிய பங்கில் வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். வராந்தாவைப் பெருக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார்: “சாமி, இத ஓட்டப் போறீங்களா, விக்கப் போறீங்களா?” நான் சொல்வேன், “பார்க்கலாம் உபதேசியாரே.” ஓட்டலாம் என்று நினைத்தால் முழங்கால் வலி நினைவுக்கு வரும். விற்கலாம் என்று நினைத்தால் அப்பா நினைவுக்கு வருவார். இரண்டுக்கும் நடுவே ‘பார்க்கலாம்’ என்ற சொல் மிகவும் வசதியாக இருந்தது. நான் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒவ்வொரு நாளும் நான் முடிவெடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த முடிவின் பெயர், சும்மா வைத்திருப்பது.

ஒரு நாள் அந்தப் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவர், மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வேலை நேரத்தில் வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். “இன்னைக்கு லீவாம்மா?” என்று கேட்டேன். “இல்ல ஃபாதர். பஸ்ஸ விட்டுட்டேன். லேட்டா போனா அரை நாள் சம்பளம் போயிடும். அதான் மத்தியானமா போறேன்” என்றார். கம்பெனி பஸ் நிற்கும் இடம் அவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மூன்று வருடமாகத் தினமும் காலையில் இருட்டோடு நடந்து போகிறார், மாலையில் நடந்து திரும்புகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார். அவர் நின்று பேசிய இடத்திலிருந்து அப்பாவின் சைக்கிள் இருபதடி தூரத்தில் இருந்தது.

அன்றிரவு கணக்குப் போட்டேன். நாளுக்கு 4 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 வேலை நாள், மூன்று ஆண்டு. 3600 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தூரம், கிட்டத்தட்ட. அரை மணி நேர நடை சைக்கிளில் பத்து நிமிடம்கூட ஆகாது. யார் யாரோ நடக்கக் காலணி தைக்கும் ஒருவர், ரப்பர் செருப்போடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். நம் வண்டியோ ஒரு அடி நகரவில்லை.

நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த புனித பெரிய பசிலியார், பஞ்சக் காலத்தைக் கண்டவர். அவருடைய மறையுரை ஒன்றில் ஒரு கருத்து வருகிறது. நீ பூட்டி வைத்திருக்கும் உணவு பசித்தவனுடையது, பெட்டியில் கிடக்கும் உடை ஆடையற்றவனுடையது, உன் வீட்டில் மக்கிப்போகும் காலணி வெறுங்காலோடு நடப்பவனுடையது என்கிறார். காலணி என்ற சொல், தோல் தொழிலால் வாழும் நம் ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உறைக்க வேண்டும்.

உடனே எனக்கு இன்னொரு சாக்கு கிடைத்தது: ‘இது பார் வைத்த ஆண்கள் வண்டி, பெண்கள் எப்படி ஓட்டுவார்கள்?’ இதற்குப் பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோனது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992-இல் மகளிர் தினத்தையொட்டி 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பெண்கள் வண்டி போதாமல் போனபோது ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஆக, என் சாக்கு அங்கே செல்லாது.

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். டயர் இரண்டும் வெடித்திருந்தன. செயின் துருவேறி ஒரே இரும்பாக இறுகியிருந்தது. அப்பா எண்ணெய் தடவித் தடவிப் பளபளவென்று வைத்திருந்த தோல் சீட்டு, விறைத்துப் பிளந்திருந்தது. கடைக்காரர் பாய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஃபாதர், இது ஓடிக் கெடல. நின்னு கெட்டிருக்கு.” தோலைப் பற்றி நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேணிப் புழங்கும் தோல் மெதுவாக இருக்கும். கவனிப்பாரின்றி மூலையில் கிடக்கும் தோல் காய்ந்து வெடிக்கும். அந்த மூன்றாம் பணியாளர்மீது தலைவர் ஏன் கோபப்பட்டார் என்பது அந்தக் கடை வாசலில்தான் எனக்கு விளங்கியது. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்த காலம் முழுவதும் அது வீணாகிக்கொண்டிருந்தது. யாருக்கோ உதவியிருக்க வேண்டியது உதவாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவின் நினைவுக்காக வைத்திருந்தேன் என்றேனே, அதையும் யோசித்துப் பார்த்தேன். அப்பா ஒரு நாளும் அந்த வண்டியைச் சும்மா நிறுத்தியதில்லை. அடுத்த வீட்டுக்காரர் கேட்டால்கூடச் சாவியை எடுத்து நீட்டிவிடுவார்.

வண்டி தயாரானதும் ஒரு வாரம் நானே ஓட்டினேன். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக அதில் போனேன். மோட்டார் சைக்கிளில் போகும்போது வணக்கம் வைத்தவர்கள், இப்போது நிறுத்திப் பேசினார்கள். உண்மையைச் சொன்னால், திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லாமல் போயிற்று. ஆனால் எனக்கு இன்னொரு வண்டி இருந்தது. அவருக்கு இல்லை.

அந்தச் சகோதரியைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “சும்மா வேணாம் ஃபாதர். எனக்கு வித்துடுங்க. மாசாமாசம் கொஞ்சமா தந்துடறேன்” என்றார். இலவசமாகத் தந்து நல்ல பெயர் வாங்க நினைத்த எனக்கு அது இரண்டாவது பாடம். விற்றேன். அவர் தரும் பணம் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலுக்குப் போயிற்று. இரவு எட்டு மணிக்குமேல் கோவில் மைதானத்தில், மகள் கேரியரைப் பிடித்துக்கொள்ள, நாற்பது வயதில் அவர் ஓட்டக் கற்றார். இரண்டு முறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். மூன்றாவது வாரம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குச் சைக்கிளில் போனார்.

அன்புக்குரியவர்களே, எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அவர் நடந்த அந்த 3600 கிலோமீட்டரை என்னால் திருப்பித் தர முடியாது. திருப்பலியின் தொடக்கத்தில் பாவங்களை ஏற்றுக்கொள்ளும்போது, சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு கடமையில் தவறியதையும் நாம் சொல்கிறோம். முதல் மூன்றையும் ஆராய்ந்து பார்ப்போம். நான்காவது, வாயோடு போய்விடும். ஏனென்றால் செய்யாமல் விட்டது கண்ணில் படுவதில்லை. அது வராந்தாவில் சத்தமில்லாமல் நிற்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு சைக்கிள் இருக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் மகனுக்கோ மகளுக்கோ அரசு தந்த விலையில்லா மிதிவண்டியாக இருக்கலாம். பிள்ளைகள் பைக் வாங்கிவிட்டார்கள். அது மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போடும் கம்பியாகிவிட்டது. ஒரு சிறு வழி சொல்கிறேன். இந்த வாரமே அதற்குக் காற்று அடியுங்கள். ஏழு நாள், கடைக்கும் கோவிலுக்கும் அதில் போய்ப் பாருங்கள். ஓட்ட முடிகிறதா, மகிழ்ச்சி, தொடர்ந்து ஓட்டுங்கள். அது உங்களுடையதே. ஏழு நாளும் தொடவில்லையா, அப்போது நம் தெருவில் யார் நடக்கிறார்கள் என்று கேளுங்கள். விற்பது பாவம் இல்லை. இரும்புக் கடையில் எடைக்குப் போடுமுன் ஓட்டக்கூடியவர் ஒருவரைத் தேடுங்கள், அவ்வளவுதான். ஓடவே முடியாத நிலைக்கு வந்துவிட்டால், எடைக்குப் போடுவதும் சரிதான். உருக்கினால் வேறொன்றாகப் பயன்படும்.

சைக்கிள் இல்லாதவர்கள் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். யாரும் உடுத்தாத புடவைகள், மகன் படித்து முடித்த பாடநூல்கள், நமக்குத் தெரிந்தும் யாருக்கும் கற்றுக்கொடுக்காத கைத்தொழில் எல்லாம் இதே கணக்கில் வரும்.

அடுத்த ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. அதற்கடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. இரண்டு வாரம் இருக்கிறது. உபதேசியாரின் கேள்வியை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். ஓட்டப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா? எதைச் சொன்னாலும் சரி. ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை நம்பிக்கையோடு பயன்படுத்தும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.